கேள்வித்தாளும் கேஸ் கட்டும்

"மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனம் எந்த ஆண்டு ஏற்கப்பட்டது?" இரண்டு மார்க். "அதன் முக்கியக் கூறுகளை விளக்குக." பத்து மார்க்.

நம் ஊர்க் கல்லூரிகளில் மனித உரிமை பெரும்பாலும் இப்படித்தான் அறிமுகமாகிறது. நான் படித்தபோதும் அப்படித்தான். தேர்வுக்கு முந்தைய இரவு கைடைப் புரட்டி, 1948 டிசம்பர் 10, மொத்தம் 30 பிரிவுகள் என்று உருப்போட்டு, மறுநாள் எழுதிவிட்டு வந்தால் முடிந்தது. அந்த முப்பதில் ஒரு பிரிவாவது எங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குள் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. கல்லூரிக்கு வெளியே அந்தச் சொல்லைப் பார்த்தது கார்களின் முன்கண்ணாடியில்தான். 'மனித உரிமை' என்று கொட்டை எழுத்தில் பலகை வைத்துக்கொண்டு சுங்கச்சாவடியில் சலுகை கேட்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

2011 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைக் கல்விக்கென்றே தனியாக ஒரு பிரகடனத்தை ஏற்றது. அதில் ஒரு உபயோகமான பிரிப்பு இருக்கிறது. உரிமையைப் பற்றிக் கற்பது ஒன்று. கற்கிறவரையும் கற்பிக்கிறவரையும் மதிக்கும் விதத்தில் கற்பது இரண்டாவது. தன் உரிமையைக் கேட்டு வாங்கவும் அடுத்தவர் உரிமையைக் காக்கவும் ஒருவருக்குத் தெம்பு வரும்படி கற்பது மூன்றாவது. முதலாவதற்குப் பாடத்தாள் போதும். இரண்டாவதைப் பற்றி, பேராசிரியர் அறைக்குள் நுழைய நடுங்கி நின்ற எந்த ஆராய்ச்சி மாணவரிடமும் கேட்டுக்கொள்ளலாம். மூன்றாவதுதான் இந்தக் கட்டுரைக்கு விஷயம். பல்கலைக்கழகம் அதை எப்படிச் செய்கிறது? பாடம் நடத்தி அல்ல என்பது என் எண்ணம். கணக்கு வைத்துத்தான். ஊரில் வேறு யாரும் எடுக்காத கணக்கை எடுத்து, எழுதி, பத்திரப்படுத்தி வைக்கும்போதுதான் ஒரு பல்கலைக்கழகம் மனித உரிமைக்கு நிஜமாகவே பயன்படுகிறது.

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கலாம். 2013-இல் அங்கே அனூப் சுரேந்திரநாத் என்ற ஆசிரியரின் தலைமையில் ஒரு குழு எளிமையான ஒரு கேள்வியோடு கிளம்பியது. இந்தியாவில் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர்கள் யார்? எத்தனை பேர், எந்த ஊர், என்ன படிப்பு, என்ன தொழில், வக்கீல் யார்?

இதற்கெல்லாம் அரசிடம் பதில் இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு எத்தனை பேரைத் தூக்கிலிட்டோம் என்பதற்கே நாட்டிடம் ஒழுங்கான கணக்கு கிடையாது. 1967-இல் வந்த சட்ட ஆணையத்தின் 35-ஆவது அறிக்கையில் ஒரு பின்னிணைப்பு உண்டு. ஐம்பது, அறுபதுகளில் பத்தாண்டு காலத்துக்குள் மட்டும் 1,400-க்கு மேற்பட்டவர்கள் தூக்கிலிடப்பட்டதாக அது காட்டுகிறது. பல்கலைக்கழகக் குழு சிறைத் துறைகளிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த பெயர்ப் பட்டியலோ, 1947-இலிருந்து இன்றுவரைக்கும் சேர்த்து 700-ஐச் சற்றுத் தாண்டி நின்றுவிட்டது. பழைய பதிவேடுகள் இல்லை, அழிந்துவிட்டன என்று பதில் வந்த சிறைகளும் உண்டு. ஒரு மனிதரைக் கொன்றதற்கான தாளைக்கூட அரசு பத்திரமாக வைத்திருக்கவில்லை.

குழு தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவியோடு சிறைகளுக்குள் போனது. மாணவர்கள் கைதிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். பிறகு அவர்களுடைய குடும்பங்களைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போனார்கள். அப்போது தூக்குத் தண்டனையில் இருந்தவர்கள் 385 பேர். அவர்களில் 373 பேரிடம் பேசி, 2016 மே மாதம் இரண்டு தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டார்கள்.

முக்கால்வாசிப் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். அதே அளவுக்குப் பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட, பழங்குடி, சிறுபான்மை மதப் பிரிவினர். பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாதவர்கள் ஏறக்குறைய கால்வாசி. உயர்நீதிமன்றத்தில் தனக்காக வாதாடிய வக்கீலைத் தான் பார்த்ததோ பேசியதோ இல்லை என்று சொன்னவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். உயிர் போகிற வழக்கில், தன் வக்கீலின் முகம் தெரியாது!

இதைவிட என்னை உலுக்கியது வேறொரு எண். 2000 முதல் 2015 வரை கீழமை நீதிமன்றங்கள் விதித்த தூக்குத் தண்டனைகள் மேல்முறையீட்டில் என்ன ஆயின என்று பின்தொடர்ந்து பார்த்தார்கள். கடைசிவரை நிலைத்தவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. பத்தில் மூன்று பேர் குற்றவாளியே இல்லை என்று விடுதலையானார்கள். மற்றவர்களுக்குத் தண்டனை குறைந்தது. ஒரு மருத்துவமனையில் நூறு பேருக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டு, மேல்பரிசோதனையில் முப்பது பேருக்கு நோயே இல்லை என்று தெரிந்தால் அந்த ஆய்வகத்தை மூடியிருப்பார்கள்.

தூக்குத் தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று நம்மூரில் பட்டிமன்றம் நடத்தாத கல்லூரி இல்லை. இரு தரப்பும் நன்றாகப் பேசும், நடுவர் நகைச்சுவையாகத் தீர்ப்புச் சொல்வார், கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். அந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு எண்கூட இல்லாமல் இத்தனை வருடம் பேசிக்கொண்டிருந்தோம் என்பது இந்த அறிக்கை வந்த பிறகுதான் உறைத்தது.

அந்தத் திட்டம் பிறகு 'பிராஜெக்ட் 39ஏ' என்று பெயர் மாற்றிக்கொண்டது. இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக்கும் அரசியலமைப்புப் பிரிவின் எண் அது. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின்போது சேர்ந்தது. எண்ணிக்கையோடு நிற்காமல், கைதிகளுக்காக வழக்கு நடத்தும் வக்கீல்களும் அங்கே சேர்ந்தார்கள். அப்படி நடந்த ஒரு வழக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

1994-இல் புனேவில் ஒரு வீட்டில் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், ஒரு கர்ப்பிணி. படிக்கவே முடியாத கொடூரம். பிடிபட்டவர்களில் ராஜஸ்தானிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒருவரும் இருந்தார். வழக்கில் அவர் பெயர் ஒரு மாதிரி எழுதப்பட்டது, ஊரில் அவர் பெயர் வேறு. வயது இருபதுக்கு மேல் என்று பதிவானது. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு உச்சநீதிமன்றம் வரை உறுதியானது. அவரும் சிறையிலேயே படித்து, தேர்வுகள் எழுதி, முதுகலைப் பட்டம் வரை போய்விட்டார். குற்றம் நடந்தபோது தான் சிறுவன் என்று அவர் சொன்னது சட்டத்தின் காதில் விழப் பல ஆண்டுகள் ஆயின.

கடைசியில் அதை நிறுவியது என்ன தெரியுமா? ராஜஸ்தானில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. எண்பதுகளின் பிற்பாதியில் சில வருடம் அங்கே படித்த ஒரு பையனின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி: 1982 பிப்ரவரி 1. கணக்குப் போட்டுப் பாருங்கள். கொலை நடந்தபோது வயது பன்னிரண்டரை. சிறாரைத் தூக்கிலிடச் சட்டத்தில் இடமே இல்லை. அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறார் இல்லம். 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தபோது உள்ளே கழிந்தது 28 ஆண்டுக்கும் மேல். பதிவேட்டின் அந்த ஒரு வரி அத்தனை காலமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. போய்ப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதை ஏன் ஒரு பல்கலைக்கழகம் செய்ய வேண்டும்? வக்கீல்களும் தொண்டு நிறுவனங்களும் செய்யக் கூடாதா? செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் வாய்தா வாய்தாவாக ஓடுகிற வக்கீலுக்கு 373 பேரின் வாழ்க்கையை உட்கார்ந்து கேட்க நேரம் கிடையாது. தொண்டு நிறுவனத்தின் பெயரைக் கேட்டதுமே சிறை அதிகாரி கதவைச் சாத்திவிடுவார். பல்கலைக்கழகத்தின் லெட்டர்பேடு வேறு மாதிரி வேலை செய்யும். 'ஆராய்ச்சி' என்று எழுதியிருந்தால் யாருக்கும் பெரிய பயம் வருவதில்லை. படித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். இது கொஞ்சம் வேடிக்கைதான். யாரும் படிக்க மாட்டார்கள் என்று உலகம் வைத்திருக்கும் நம்பிக்கையே ஆராய்ச்சிக்குக் கவசமாகிறது. அப்புறம், வருடா வருடம் புதிதாக வந்து சேரும் இருபது வயதுக்காரர்கள். பஸ்ஸில் பத்து மணி நேரம் போய்வரச் சலிக்காதவர்கள், இப்படித்தான் நடக்கும் என்று இன்னும் பழகிப்போகாதவர்கள்.

அந்த இருபது வயதுதான் சிக்கலும்கூட. அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இதழியல் மாணவர்கள் பேராசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் பழைய கொலை வழக்குகளைத் திரும்பத் தோண்டினார்கள். 1998-இல் மரண தண்டனைத் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தண்டனை நிறுத்திவைக்கப்பட்ட ஒரு கைதியின் வழக்கு அவர்கள் கைக்கு வந்தது. அவர்களோடு வேலை செய்த தனியார் துப்பறிவாளர் வேறொருவரிடமிருந்து வீடியோவில் ஒப்புதல் வாக்குமூலம் வாங்கினார். 1999-இல் கைதி விடுதலையானார். நாடே மாணவர்களைக் கொண்டாடியது. இலினாய் மாநில ஆளுநர் ஜார்ஜ் ரயன் 2000-இல் மரண தண்டனைகளை நிறுத்திவைத்ததற்கும், 2003-இல் பதவிக்காலம் முடியும் முன் 167 பேரின் மரண தண்டனையை ரத்து செய்ததற்கும், 2011-இல் அந்த மாநிலம் மரண தண்டனையையே ஒழித்ததற்கும் இந்த வழக்கு ஒரு முக்கியத் தூண்டுதல்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வாக்குமூலம் கொடுத்து 37 ஆண்டு தண்டனை பெற்ற அந்த இன்னொரு மனிதரையும் 2014-இல் அரசுத் தரப்பே விடுவித்தது. வாக்குமூலம் வாங்கப்பட்ட விதம் ஏற்கத்தக்கதல்ல என்று சொன்னது. அதாவது, ஒருவரைக் காப்பாற்றக் கிளம்பிய வகுப்பறை, இன்னொருவரைப் பதினைந்து வருடம் உள்ளே தள்ளிய சங்கிலியில் ஒரு கண்ணியாகிவிட்டது. மரண தண்டனை ஒழிப்பை ஆதரிப்பவன் என்ற முறையில் இதைத் தாண்டிப் போய்விட எனக்கும் ஆசைதான். முடியாது. போலீஸ் லாக்கப்பில் வாங்கிய வாக்குமூலத்தைச் சந்தேகி என்று சொல்லிக் கொடுக்கும் வகுப்பு, தன் கையால் வாங்கிய வாக்குமூலத்தை அதைவிட அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும். வாக்குமூலத்தை வைத்து நின்ற அந்த வழக்கையும் பள்ளிப் பதிவேட்டை வைத்து நின்ற இந்த வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

கணக்கு எடுப்பதில் ஆபத்து வேறு வகையிலும் வரும். எடுக்கிறவர் மீதே.

1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. அதற்கு அடுத்த ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் 'மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கணித விரிவுரையாளர்களான ராஜன் ஹூலும் ஸ்ரீதரனும், உடற்கூற்றியல் துறைத் தலைவரான ராஜனி திராணகமவும் அதில் முன்னணியில் இருந்தார்கள். மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் சேர, நால்வருமாக எழுதிய 'முறிந்த பனை' அந்தக் காலத்தின் சாட்சியமாக இன்றும் படிக்கப்படுகிறது.

அவர்கள் வகுத்துக்கொண்ட விதி சொல்வதற்கு எளிது. யார் செய்தாலும் எழுதுவது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் இந்திய ராணுவம் புகுந்து டாக்டர்களையும் நோயாளிகளையும் சுட்டதையும் எழுதினார்கள், இலங்கைப் படைகள் செய்ததையும் எழுதினார்கள், புலிகளும் மற்ற இயக்கங்களும் சொந்த மக்களுக்குச் செய்ததையும் எழுதினார்கள். போர்க்காலத்தில் இப்படி ஒரு விதியோடு வாழ்வது என்றால் என்ன என்று, சொந்தக்காரர்களுக்குள் நடக்கும் ஒரு நிலத் தகராறில் நடுநிலையாக இருந்து பார்த்தவர்களுக்கு ஓரளவு தெரியும். எல்லாருக்கும் எதிரி ஆகிவிடுவோம்.

ராஜனி அறியாத பெண் அல்ல. ஒரு காலத்தில் காயம்பட்டு வந்த புலிகளுக்கு வைத்தியம் பார்த்தவர், இயக்கத்தோடு நெருக்கமாக இருந்து விலகியவர். வெளிநாட்டில் ஆராய்ச்சி முடித்துவிட்டு, அங்கேயே இருந்துவிடும் வாய்ப்பு இருந்தும், யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தவர். போரில் தனித்துப்போன பெண்களுக்காகப் 'பூரணி' இல்லம் உருவாகவும் உழைத்தார். 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில், யாழ்ப்பாணத்தை ஒட்டிய திருநெல்வேலி என்ற இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. இரண்டு பெண் குழந்தைகள். கொன்றது புலிகளே என்று அவருடைய சகாக்கள் எழுதினார்கள், புலிகள் மறுத்தார்கள். அந்தக் கொலைக்காக இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

அதற்கப்புறம் அந்த அமைப்பால் யாழ்ப்பாண வளாகத்துக்குள் இருக்க முடியவில்லை. ஹூலும் ஸ்ரீதரனும் ஊரை விட்டு வெளியேறி, தலைமறைவாகவும் இடம் மாறி மாறியும், போர் முடியும்வரை அறிக்கைகளை எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2007-இல் அவர்கள் இருவருக்கும் மனித உரிமைக் காவலர்களுக்கான மார்ட்டின் என்னல்ஸ் விருது கிடைத்தது. அவர்களுடைய அரசியல் முடிவுகளோடு கருத்து மாறுபடுகிறவர்கள் தமிழர்களில் ஏராளம். ஆனால் அந்தத் தேதியில் அந்த ஊரில் என்ன நடந்தது என்று தேட வேண்டி வரும்போது அந்த மாறுபடுகிறவர்களும் அந்த அறிக்கைகளைத்தான் புரட்டுகிறார்கள்.

ராஜனி கொல்லப்பட்டு எட்டே வாரத்தில், உலகத்தின் மறுகோடியில், கிட்டத்தட்ட இதே காரணத்துக்காக இன்னொரு பல்கலைக்கழகத்துக்குள் துப்பாக்கி நுழைந்தது. மத்திய அமெரிக்காவின் எல் சால்வடார். பன்னிரண்டு ஆண்டு உள்நாட்டுப் போரில் 75,000 பேர் மாண்ட சின்ன நாடு. தலைநகர் சான் சால்வடாரில் இயேசு சபைக் குருமார்கள் நடத்தும் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகம். அங்கே செகுந்தோ மொந்தெஸ் என்ற சமூகவியல் பேராசிரியர் 1985-இல் மனித உரிமை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். மறு ஆண்டு இக்னாசியோ மார்த்தின் பரோ என்ற உளவியலாளர் மக்கள் கருத்துக்கணிப்புக்கென்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்.

கருத்துக்கணிப்பு என்றதும் நமக்குத் தேர்தல் நேரத்து டிவிதான் நினைவுக்கு வரும். அங்கே அதன் பொருள் வேறு. மக்கள் போரை ஆதரிக்கிறார்கள் என்று அரசும் சொல்லிற்று, கொரில்லாக்களும் சொன்னார்கள். மார்த்தின் பரோ வீடு வீடாகக் கேட்டு அச்சடித்தார். மக்கள் கேட்டது பேச்சுவார்த்தை. துணைவேந்தருக்கு நிகரான பொறுப்பில் இருந்த இக்னாசியோ எயாகுரியா அதையே இரு தரப்பிடமும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

1989 நவம்பர் 16 விடியும் முன் ராணுவத்தின் அட்லாகட்டல் படைப்பிரிவு வளாகத்துக்குள் புகுந்து எயாகுரியா, மார்த்தின் பரோ, மொந்தெஸ் உட்பட ஆறு குருமார்களைக் கொன்றது. சமையல்காரப் பெண்மணியும் அவருடைய மகளும் ஊரில் சண்டை நடக்கிறதே, இங்கே இருப்பதுதான் பாதுகாப்பு என்று நம்பி அன்றிரவு அங்கே தங்கியிருந்தார்கள். சாட்சி இருக்கக் கூடாது என்று அவர்களையும் கொன்றார்கள். கொரில்லாக்கள் செய்ததாகக் காட்ட ஒரு அட்டையில் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெண்மணியின் கணவர் வளாகத்தின் தோட்டக்காரர். குருமார்களின் உடல்கள் கிடந்த புல்தரையில் பிறகு அவர் ரோஜாச் செடிகளை நட்டார். அந்தத் தோட்டம் இப்போதும் இருக்கிறது.

இந்தக் கொலைகள் வெளியே தெரிந்ததும், அந்த ராணுவத்துக்குப் பணம் கொடுத்துவந்த அமெரிக்காவில் கேள்விகள் கிளம்பின. 1992 ஜனவரியில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானதற்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் இதுவும் ஒன்று. மொந்தெஸ் தொடங்கிய நிறுவனமும் வழக்கை விடவில்லை. 1993-இல் பொது மன்னிப்புச் சட்டம் போட்டுக் கதவை மூடினார்கள். 2016-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. கொல்லப்பட்டவர்களில் ஐந்து பேர் ஸ்பெயினில் பிறந்தவர்கள் என்பதால் 2020 செப்டம்பரில் ஸ்பெயின் நீதிமன்றம் முன்னாள் கர்னலும் துணை அமைச்சருமான ஒருவருக்கு 133 ஆண்டு தண்டனை விதித்தது. முப்பத்தொரு வருடம். அத்தனை காலம் காகிதங்களைக் காப்பாற்றி வைக்க ஒரு கட்டிடம், ஒரு அலமாரி, மாறி மாறி வரும் ஆட்கள் வேண்டும்.

சமாதானத்தையே பாடமாக வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உலகில் நிறைய. 1948-இல் ராணுவத்தையே கலைத்துவிட்ட கோஸ்டா ரிகாவில் ஐ.நா. 1980-இல் ஒரு சமாதானப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 1973-இல் சமாதானக் கல்விக்குத் தனித் துறை வந்தது. இவற்றில் படித்துவிட்டு ஐ.நா. அலுவலகங்களுக்குப் போனவர்கள் பலர். பட்டத்துக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதிகம் பிடித்தது ஸ்வீடனின் உப்சாலா. அங்கே ஒரு குழு பல பத்தாண்டுகளாக உலகத்தின் போர்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒரு மோதலில் ஓராண்டில் குறைந்தது 25 பேர் இறந்தால் அது பட்டியலில் ஏறும். 25 என்பது கருணையற்ற எண்ணாகத் தோன்றலாம். 24 பேர் இறந்தால் போர் இல்லையா? ஆனால் எல்லா நாட்டுக்கும் எல்லா வருடத்துக்கும் ஒரே அளவுகோல் இருப்பதால்தான், போர்கள் கூடுகின்றனவா குறைகின்றனவா, எந்த உடன்படிக்கை நிலைத்தது, எது உடைந்தது என்று ஊகம் இல்லாமல் பேச முடிகிறது.

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தையும் சொல்ல வேண்டும். நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த 1986-இல், வெள்ளையருக்கான ஆஃப்ரிகான்ஸ் மொழிப் பல்கலைக்கழகமாக இருந்த அதன் சட்டத் துறைக்குள்ளேயே ஆசிரியர்கள் சிலர் மனித உரிமை மையம் தொடங்கினார்கள். இப்போது ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். 1992 முதல் நடந்துவரும் மாதிரி நீதிமன்றப் போட்டியில் பல நாட்டு மாணவர்கள் கற்பனை வழக்கொன்றில் வாதாடிப் பழகுகிறார்கள். பழகியவர்கள் பிறகு நிஜ நீதிமன்றங்களிலும் நிற்கிறார்கள்.

கணக்கெடுக்கும் வேலை இப்போது செல்போன் திரைக்கு வந்துவிட்டது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 2016-இல் தொடங்கிய ஆய்வகத்தில் மாணவர்கள் போர்க்களத்திலிருந்து வரும் வீடியோக்களைச் சரிபார்க்கிறார்கள். நிழல் விழும் கோணத்தை வைத்து நேரம், பின்னால் தெரியும் மசூதிக் கோபுரத்தைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு இடம். இங்கிலாந்தின் எசெக்ஸிலும் இதே வேலை நடக்கிறது. 2020 இறுதியில் பெர்க்லி குழுவும் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் சேர்ந்து, இப்படிச் சேர்க்கும் ஆதாரம் நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால் எப்படிச் சேர்க்க வேண்டும் என்று நெறிமுறை வெளியிட்டார்கள்.

இந்த ஆய்வகங்களில் மாணவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது தொழில்நுட்பம் அல்ல என்பது கவனிக்க வேண்டியது. வீடியோவை முதலில் சத்தம் இல்லாமல் பார். அலறல்தான் மனசில் தங்கும். தனியாக உட்கார்ந்து பார்க்காதே. ராத்திரி படுக்கப் போகுமுன் பார்க்காதே. நம்மூரில் வன்கொடுமை வழக்குகளுக்குக் களஆய்வு போய்வரும் மாணவர்களுக்கு இப்படி யாராவது சொல்கிறார்களா என்று யோசித்தேன். 'தைரியமா இரு' என்று சொல்லி அனுப்புவதோடு சரி.

இந்தியாவில் இந்தக் கல்விக்கு அரசுத் தரப்பு முயற்சி இல்லை என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 1980-லேயே முன்னாள் தலைமை நீதிபதி எஸ்.எம். சிக்ரி தலைமையில் குழு போட்டது. பிறகு சான்றிதழ், பட்டயம், பட்டமேற்படிப்பு என்று நிதி வந்தது, துறைகள் வந்தன. வந்ததில் பெரும்பகுதி கேள்வித்தாளோடு நின்றுவிட்டது. காரணம் சோம்பல் மட்டும் இல்லை. ஒரு பேராசிரியருக்குப் பதவி உயர்வு தருவது ஆய்விதழில் வந்த கட்டுரை. காவல் நிலையத்துக்கு மாணவரை அழைத்துப் போனதற்குப் புள்ளி எதுவும் கிடையாது, மேலிடத்திலிருந்து போன் வேண்டுமானால் வரும். சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையம் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் மாணவர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது, பதிவு பெற்ற வழக்கறிஞருக்கே அந்த உரிமை. முழுநேரச் சட்டப் பேராசிரியரும் பொதுவாக வாதாட முடியாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவரே நீதிபதி முன் நிற்கலாம். இங்கே சட்ட உதவி மையம் என்பது பெரும்பாலும் பூட்டிய அறையும், வருடத்துக்கு ஒரு விழிப்புணர்வு முகாமும், அதில் எடுத்த போட்டோவும்.

வாதாட முடியாதுதான். ஆனால் விசாரித்து எழுத முடியும். அதற்கு இப்போது முன்னெப்போதையும்விட வேலை இருக்கிறது. 1980-இல் பச்சன் சிங் வழக்கில், தூக்குத் தண்டனை விதிக்கும் முன் குற்றத்தை மட்டுமல்ல, குற்றம் செய்தவரின் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. சொல்லி நாற்பது வருடம் ஆகியும், அந்த வாழ்க்கையைப் பற்றிய தகவல் நீதிபதியின் மேசைக்கு வரவே இல்லை. வயது, மனைவி மக்கள் உண்டா, முன்குற்றம் உண்டா என்று மூன்று வரியோடு முடிந்துவிடும். 2021-இல் பிராஜெக்ட் 39ஏ வெளியிட்ட இன்னொரு அறிக்கை, தூக்குத் தண்டனைக் கைதிகள் 88 பேரைப் பரிசோதித்து, அவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மனநோய் இருப்பதைக் காட்டியது. 2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குற்றவாளியின் குடும்பம், வளர்ப்பு, படிப்பு, வறுமை, உடல்நலம், மனநலம், சிறை நடத்தை எல்லாவற்றையும் விசாரணை நீதிமன்றக் கட்டத்திலேயே வரவழைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் திட்டம் 2025-இல் டெல்லியை விட்டு ஹைதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு 'தி ஸ்கொயர் சர்க்கிள் கிளினிக்' என்ற புதுப் பெயரோடு போய்விட்டது. நாடு முழுவதும் வரும் வழக்குகளுக்கு அந்த ஒரு குழு போதாது. தமிழ்நாட்டில் ஒரு செஷன்ஸ் நீதிபதி நாளைக்கு இந்தத் தகவலைக் கேட்டால், யாரோ ஒருவர் பஸ் பிடித்து அந்தக் கைதியின் ஊருக்குப் போக வேண்டும். அவருடைய தாயிடம் பேச வேண்டும், ஒரு தடவை போதாது, மூன்று நான்கு தடவையாவது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பழைய சீட்டு ஏதாவது கிடைக்குமா என்று கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போய், தலைமையாசிரியரைச் சம்மதிக்க வைத்து, பீரோவின் அடித்தட்டில் கட்டி வைத்திருக்கும் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பதிவேட்டுக்கு மட்டும் அரை நாள் வேலை. போகிற வழிச் செலவு ஒரு வகுப்பு மாணவர்கள் கான்டீனில் ஒரு வேளைக்குச் செலவழிப்பதைவிடக் குறைவு.